வண்டியின் குறையா, கடற்காற்றின் குறையா? (வாசகர் கேள்வி பதில்)

இம்முறை வந்த கடிதங்களுள் வடசென்னையிலிருந்து வந்தவை மிகுதி. குடும்பக் கார்களின் தரம் பற்றிய நான்கினைத் தேர்ந்து இங்கே பதில் அளித்திருக்கிறோம். கடிதங்களில் இருந்த நிறுவனங்களின் பெயர்களை நீக்கியிருக்கிறோம். ஒரு தரப்பின் கூற்றை மட்டும் கேட்டுவிட்டுப் பெயரை அச்சிடுவது முறையாகாது.

கேள்வி: ஐயா, நாங்கள் திருவொற்றியூரில் கடலுக்கு மிக அருகில் குடியிருக்கிறோம். பெற்றோர், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேருக்குமாக 2021-ஆம் ஆண்டு ஏழு பேர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினோம். மூன்றாண்டு வாரண்டி முடிவதற்குள்ளேயே ஏசி குளிர்ச்சி குறைந்தது. சர்வீஸ் சென்டரில் இருமுறை கேஸ் நிரப்பினார்கள். பிறகு கூலிங் காயிலை மாற்றினார்கள். அதன்பின் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஓயாமல் ஒரு சத்தம் வருகிறது. முன்பக்கச் சஸ்பென்ஷனும் கடகடவென்கிறது. இப்போது பின்கதவுகள் இரண்டின் அடிவிளிம்பிலும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பித் துரு தெரிகிறது. கேட்டால், "கடலோரத்தில் இப்படித்தான் சார், இதற்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். அம்பத்தூரில் இருக்கும் என் மைத்துனரும் இதே மாடல்தான் வைத்திருக்கிறார். அவருக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. தரமற்ற வண்டியை வாங்கிவிட்டோமா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
*வாசகர், திருவொற்றியூர்*

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு குறைகள் இருக்கின்றன, சர்வீஸ் சென்டரோ நான்குக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. கடற்காற்று என்னும் அந்தப் பதில் ஒரு குறைக்குப் பெரிதும் பொருந்தும், இன்னொன்றுக்கு ஓரளவு பொருந்தும், மற்ற இரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "இது தரமற்ற வண்டி" என்று மொத்தமாகக் குற்றம் சாட்டினால், "இது கடலோரம்" என்று மொத்தமாகவே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசினால்தான் உங்கள் பக்கத்து நியாயம் நிற்கும்.

முதலில் துரு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பு தகட்டின் மேல் படிந்ததும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே மழை பெய்யாத நாளிலும் அந்த இடம் நனைந்தே இருக்கும். எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைப் புகையும் அனல்மின் நிலையச் சாம்பலும் அதனோடு சேரும்போது துரு இன்னும் விரைவாகப் பிடிக்கும். எனவே மைத்துனரின் வண்டியோடு ஒப்பிடுவது உங்கள் வாதத்துக்கு உதவாது. ஊர்தான் காரணம் என்று சொல்பவர்களுக்குத்தான் அது சான்றாகும். அதே ஆண்டில் வாங்கிய அதே மாடல் உங்கள் தெருவிலோ, எர்ணாவூரிலோ, காசிமேட்டிலோ நின்றால் அதன் பின்கதவைப் போய்ப் பாருங்கள். அங்கே துரு இல்லையென்றால் அது உங்களுக்குச் சாதகமாகப் பேசும்.

அதைவிட முக்கியமானது, துரு எங்கிருந்து தொடங்கியது என்பது. கதவின் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து, அந்த மடிப்பில் சீலன்ட் என்னும் நீர்புகாப் பசை பூசி அடைப்பார்கள். கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காகக் கதவின் அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். கதவைத் திறந்து வைத்துக் குனிந்து, அடிவிளிம்பை நெடுக விரலால் தடவிப் பாருங்கள். கல் தெறித்த வடுவோ கீறலோ இருந்து அதைச் சுற்றித் துரு பரவியிருந்தால், அது வெளியிலிருந்து வந்தது. சாலையும் காற்றும் செய்த வேலை. கீறல் ஏதும் இல்லாமல் மடிப்பின் ஓரமாகப் பெயின்ட் உள்ளிருந்து உப்பிக்கொண்டு வந்திருந்தால், துரு மடிப்புக்குள்ளேயே பிறந்திருக்கிறது. அப்படியானால் அந்தத் துளைகளை ஒரு மெல்லிய குச்சியால் சோதியுங்கள். மண் அடைத்திருந்தால் நீர் உள்ளேயே தேங்கியிருக்கும். அதில் பராமரிப்புக்கும் பங்கு உண்டு, ஒவ்வொரு சர்வீஸிலும் வாட்டர் வாஷுக்குப் பணம் வாங்கியவர்களுக்கும் பங்கு உண்டு. துளைகள் திறந்தே இருந்தும், இரு கதவுகளிலும் ஒரே இடத்தில் ஒரே விதமாக உப்பியிருந்தால், சீலன்டோ பெயின்டோ தொழிற்சாலையிலேயே சரியாக இறங்கவில்லை என்று ஐயப்பட வலுவான இடம் இருக்கிறது. காற்று மட்டுமே காரணமென்றால் துரு இப்படி அளவெடுத்தது போல இரு பக்கமும் தோன்றுவது அரிது.

இங்கே எமது கருத்தையும் சொல்லிவிடுகிறோம். சென்னையில் விற்கும் வண்டி சென்னைக் காற்றைத் தாங்கியாக வேண்டும். வங்கக் கடல் 2021-க்குப் பிறகு இங்கே வந்ததன்று. அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்ட்) எண்ணூரில் ஆஸ்டின் கார்களின் பாகங்களை இணைத்துப் பூட்டத் தொடங்கி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் 1950-களிலேயே உருவாயின. இந்தக் கரையின் உப்பு வாகனத் தொழிலுக்குத் தெரியாத செய்தியன்று. துத்தநாகம் பூசிய தகடும், மடிப்புகளுக்குள் மெழுகு செலுத்துவதும் எல்லோரும் அறிந்த பாதுகாப்புகள்தாம். அவற்றை எந்தெந்தப் பாகத்துக்கு எவ்வளவு பயன்படுத்துவது என்பதை நிறுவனம் விலையை வைத்தே முடிவு செய்கிறது. ஆகையால் "கடலோரம்" என்பது காரணமாகலாமே தவிர, எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுதலையாகாது. கதவுகளை நன்கு வெளிச்சத்தில், தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் டிங்கரிங் கடையில் விட்டுவிடாதீர்கள். மடிப்புக்குள் துரு இருக்க, மேலே சுரண்டிப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் அது மறுபடியும் உப்பிவிடும், சான்றும் போய்விடும்.

இரண்டாவது, ஏசி. ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. சில மாதங்களிலேயே குளிர்ச்சி குறைந்தால், எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். நைட்ரஜனைச் செலுத்தி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். சாயம் கலந்து புறஊதா விளக்கில் கசிவைத் தேடலாம். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் முதல் முறை கேஸ் நிரப்பியிருந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறையும் அப்படியே செய்திருந்தால் அது சேவைக் குறைபாடு. வண்டியின் முகப்பில் இருந்து ஏசி கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் உப்புக் காற்றையும் தெறிக்கும் கல்லையும் நேராக வாங்குவது. கூலிங் காயில் அப்படியன்று, டாஷ்போர்டுக்குள் இருப்பது. ஈரமும் தூசியும் உள்ளிழுக்கும் காற்றின் உப்பும் அதையும் அரிக்கக்கூடும் என்பதால் இங்கே கடலுக்கு ஓரளவு பங்கு தரலாம். ஆனால் வாரண்டிக் காலத்துக்குள்ளேயே அது ஓட்டையாவது இயல்பான தேய்மானம் ஆகாது.

டாஷ்போர்டுச் சத்தத்துக்கு விடை உங்கள் கடிதத்தின் வரிசையிலேயே இருக்கிறது. கூலிங் காயிலை மாற்றப் பல மாடல்களில் டாஷ்போர்டை முழுவதுமாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அதைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போது எளிதில் உடையும். உடைந்ததை மாற்றாமல் அப்படியே அழுத்திப் பூட்டினால் பிறகு மேடுபள்ளம் வரும்போதெல்லாம் சத்தம் கேட்கும். காயில் மாற்றிய நாளின் ஜாப் கார்டையும் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைப் பதிவுத் தாள்), சத்தம் பற்றி நீங்கள் முதலில் முறையிட்ட நாளின் ஜாப் கார்டையும் அருகருகே வையுங்கள். இதில் கடலுக்கும் வேலையில்லை, தொழிற்சாலைக்கும் வேலையில்லை. அவிழ்த்துப் பூட்டியவர் பொறுப்பு.

சஸ்பென்ஷன் விஷயத்தில் மட்டும் நாங்கள் உங்கள் பக்கம் முழுமையாக நிற்க முடியவில்லை. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஓடிய வண்டிக்கு சஸ்பென்ஷனின் இணைப்புத் தண்டான லிங்க் ராடும், கீழ்க்கையின் ரப்பர் பொருத்தான லோயர் ஆர்ம் புஷ்ஷும் தேய்வது இயற்கை. பெரும்பாலான வாரண்டிப் புத்தகங்கள் ரப்பர் புஷ்களைத் தேய்மானப் பொருளாகவே கணக்கிடுகின்றன. மெதுவாகப் போகும்போது சிறு மேடுகளில் கடகடப்பு வந்தால் லிங்க் ராடைச் சந்தேகியுங்கள். நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொக்" என்றால் ஸ்ட்ரட் மவுன்ட்டை (ஷாக் அப்சார்பரின் மேல்முனைப் பொருத்து) சந்தேகியுங்கள். வண்டியை லிஃப்டில் தூக்கிச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் லிங்க் ராடை ஆட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதை ஏற்காதீர்கள். சக்கரத்தின் மேல் எடை இருக்கும் நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆணையத்தைப் பற்றி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம், விலை 5 முதல் 10 இலட்சம் வரை என்றால் 200 ரூபாய், 10 முதல் 20 இலட்சம் வரை என்றால் 400 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதால், ஏசி விவகாரத்தின் தேதிகளை இன்றே எடுத்துப் பாருங்கள். காலம் கடந்திருந்தால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். முதலில் விற்பனையாளருக்கும் உற்பத்தியாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சில குறைகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

எதைக் கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். "வண்டியையே மாற்றித் தர வேண்டும்" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பழுதான பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றுவதுமே வாரண்டியின் கடமை, அதற்காக முழு வண்டியை மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உற்பத்திக் குறையை நிறுவ, வழக்கமாக நிபுணர் அறிக்கையும் தேவைப்படும்; தக்க ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதே வேளையில், மோதலின்போது ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில், வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுச் சொல்ல நுகர்வோர் ஒன்றும் இயற்பியல் வல்லுநர் அல்லர் என்று 2022-இல் அதே நீதிமன்றம் கூறியது. உங்கள் வழக்கு அத்தகையதன்று. கதவுகளை நிறுவனத்தின் செலவில் மாற்றிப் பெயின்ட் அடித்துத் தருவது, டாஷ்போர்டைக் கட்டணமின்றிச் சரிசெய்வது, இருமுறை கேஸ் நிரப்பக் கட்டணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தருவது, அலைச்சலுக்கு இழப்பீடு ஆகிய இவற்றோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் முறையீடு வலுவாக இருக்கும் என்பது எமது எண்ணம். சஸ்பென்ஷனை அதில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் மற்றவற்றின் மதிப்பையும் அது குறைத்துவிடும்.

கேள்வி: பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பாலிஷ் போட்டுப் புதிது போலக் காட்டுகிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ என்று அஞ்சுகிறோம். எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, வியாசர்பாடி*

பதில்: உங்கள் அச்சம் தேவையானதே. முன் இருக்கையின் சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசி வரை வெளியே இழுங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் மங்கலான பழுப்புக் கோடோ, விரலில் நறநறக்கும் வண்டலோ இருந்தால் நீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. பாலிஷ் போடுபவர் பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்துத் துடைப்பதில்லை. பெல்ட்டே புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். அடுத்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியின் அடியையும், ஃப்யூஸ் பாக்ஸுக்குள் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணூர்ப் பக்கத்து வண்டியென்றால் இன்னொன்றும் உண்டு: அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அடிப்பாகத்து ஒயர்களின் மேலுறையில் கறுப்புப் பிசுக்கு ஒட்டியிருந்தால் விலகிவிடுங்கள்.

காகிதத்திலும் தடயம் இருக்கும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள். 2024-இல் புதுப்பித்தபோது நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி) திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் அதற்கு முந்தைய ஆண்டில் இழப்பீடு கோரியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் போனஸ் உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. இடையில் கைமாறியிருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஆர்.சி.யில் உரிமையாளர் மாறிய தேதியையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள். மூழ்கிய வண்டியின் மின்கோளாறுகள் பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், இப்போது நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: கதவைச் சாத்தும்போது கனமான சத்தம் வரும் காரே தரமானது என்கிறார் என் மாமனார். நட்சத்திர மதிப்பைப் பாருங்கள் என்கிறார் ஷோரூம்காரர். யார் சொல்வது சரி?
*வாசகர், பெரம்பூர்*

பதில்: கதவின் சத்தத்தைப் பூட்டின் அமைப்பும், ரப்பரும், தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வடக்கும் அட்டையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அதை வேண்டியபடி அமைத்துக்கொள்ள முடியும் என்பதால் சத்தம் சான்றாகாது. ஆனாலும் மாமனார் கதவருகே நிற்பது நல்லதுதான். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை சீராக இருக்கிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாகங்களை இணைத்த நேர்த்தி அங்கே தெரியும்.

நட்சத்திர மதிப்பு வேறு கேள்விக்கான விடை. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் என்னும் கார் மோதல் பாதுகாப்புச் சோதனைத் திட்டத்தில், முன்புறத்தின் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்திலும், பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலும் சோதிக்கிறார்கள். மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெறக் கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையிலும் தேற வேண்டும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டார் இரண்டாவதையும் கேட்டுப் பெறுங்கள். நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்துகொள்ளும் சோதனை இது என்பதால், மதிப்பு இல்லாத வண்டியைச் சோதனையில் தோற்றது என்று எண்ண வேண்டாம். அதேபோல் ஐந்து நட்சத்திர வண்டியில் ஏசி கசியாது என்றோ கதவு துருப்பிடிக்காது என்றோ யாரும் உறுதி தரவில்லை.

கேள்வி: விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு 12 கூடக் கிடைப்பதில்லை. இது ஏமாற்று இல்லையா?
*வாசகர், கொருக்குப்பேட்டை*

பதில்: விளம்பரத்தில் வரும் எண், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பெறப்படுவது. மொத்தம் 1180 விநாடி ஓடும் அந்தச் சோதனையில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர், ஏசி அணைக்கப்பட்டிருக்கும். ரயில்வே கேட்டில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் வண்டி அந்த எண்ணை எட்டாது. ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த நிபந்தனைகளை விளம்பரத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம். மீட்டர் காட்டும் சராசரியை நம்பாமல், ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள். முன்பு 14, 15 கிடைத்து இப்போது 12-க்கு இறங்கியிருந்தால் டயர் காற்றைப் பார்த்துவிட்டு, சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்தியபின் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. பிரேக் பட்டையை அழுத்தும் பாகமான காலிப்பர் நகர உதவும் ஊசிகள் துருவேறி இறுகுவது நம் பகுதியில் அடிக்கடி நடப்பது. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் போதும், முழு காலிப்பரையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள்.